நேராக்கிய நடை

கணினியிலேயே பாட்டுக்குத் தாளம் அமைக்கும் ‘பீட்’ போடக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்த பவுலின், எந்த மென்பொருளை வாங்குவதென்று தெரியாமல் மூன்றை மடிக்கணினியில் இறக்கி வைத்திருந்தாள். மூன்றுமே பத்து நாள் இலவசம். மூன்றுக்கும் ஒரே பரீட்சைதான் வைத்தாள். கணவர் இருதயராஜ் அடுப்படியிலிருந்து பால்கனி வரை நடக்கும் சத்தத்தைக் கைபேசியில் பதிந்து, அதையே தாளமாகப் போட்டுப் பார்த்தாள். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய கால் அவருக்கு. ஓர் அடி அழுந்தி விழும். அடுத்தது தரையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் பிந்தி வரும். அந்தப் பிந்தலுக்குத்தான் பாத்திரம் கழுவும்போதுகூட அவள் தலை ஆடும்.

இரண்டு மென்பொருள்கள் பதிந்ததைப் பதிந்தபடியே திருப்பித் தந்தன. மூன்றாவது, யாரும் கேட்காமலேயே பிசகையெல்லாம் நேராக்கிவிட்டது. ஒவ்வோர் அடியும் அளந்து வைத்தாற்போல் விழுந்தது.

“சீ, இது வேலைக்காகாது” என்று அழிக்கப் போனாள்.

பின்னால் காபித் தம்ளரோடு நின்ற இருதயராஜ், “இரு. யாரு அது நடக்கறது?” என்றார்.

“நீங்கதாங்க.”

அவர் தம்ளரை மேசைமேல் வைத்தார். “இன்னொரு வாட்டி போடு.”

போட்டாள். அந்தக் காலடிகள் அடுப்படியிலிருந்து பால்கனி வரை போய் முடியும்வரை, யாருக்கோ வழிவிடுகிறவரைப் போல அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

“இது இன்னும் எத்தன நாளைக்கு ஓடும்?”

“ஏழு நாளு.”

“உனக்குப் புடிச்சதையே வாங்கிக்க, பவுலின். அந்த ஏழு நாளு மட்டும் அவரு இங்க இருந்துட்டுப் போகட்டும்.”