வெள்ளிக்கிழமைப் பூசை

"கணினிக்குப் பூசையா, அக்கா?"

"ஆமாம்மா. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, அரை மணி நேரம். யாரும் உள்ளே வரக்கூடாது."

கற்பூரத் தட்டும் மணியுமாக அறைக்குள் போன கமலாட்சி அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

பல்கலைக்கழக விடுமுறையில், பிரெஞ்சு புழங்கும் எங்கள் தீவின் பீனிக்ஸ் ஊரில், தையல் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்தேன். வெளியே மூடுபனி. கீழ்த்தளத்தில் தையல் மெஷின்களின் முணுமுணுப்பு. அங்கிருந்து மாடிவரை மிதந்து வந்த பஞ்சுத் தூசி, விழ மறந்த மழை போலக் காற்றில் நின்றது.

எனக்கோ கோபம். நேராக முதலாளி ஜம்புநாதனிடம் போனேன்.

"மிஸ்யே, மாதம் ஒருமுறை கணினியைத் திறந்து சுத்தம் செய்தால் கெடவே கெடாது."

"கெட்டால் ரிப்பேர்கார பெர்னாரைக் கூப்பிடுவோம். நன்றாக ஓடுவதை எதற்கு நிறுத்த வேண்டும்? கப்பலில் ஏறும் சரக்குக்கு லிஸ்ட் போக வேண்டாமா?"

"பூசைக்கு மட்டும் நிறுத்தலாமா?"

"அது சாமி காரியம், மம்ஸெல். போன வருடம் இந்தக் கணினி வேலையில் இருந்த இவெட் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. பெட்டி சூடாகி நின்றது. அவளை அனுப்பிவிட்டேன். கமலாட்சி வந்து பூசை ஆரம்பித்தாள். ஒரு நாள் நின்றதுண்டா?"

இதற்குப் பெயர் மூடநம்பிக்கை இல்லாமல் வேறென்ன? அக்காவிடமே நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று போய்க் கதவைத் திறந்தேன்.

கற்பூரம் தன் பாட்டுக்கு ஜன்னலோரம் எரிந்துகொண்டிருந்தது. கணினி மூடி கழன்று கிடந்தது. பின்படி வழியாக வந்திருந்த பெர்னார், கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, முட்டி போட்டு, விசிறியிலிருந்து பஞ்சை உருவிக்கொண்டிருந்தார். கீழே செய்தித்தாளில் ஒரு பொம்மைத் தலையணைக்குக் காணும் பஞ்சு.

"கதவைச் சாத்து" என்றார் அக்கா மெல்ல.

"நீங்கள் கணினி கெட்ட பிறகு வருகிறவர்தானே?" என்றேன் பெர்னாரிடம்.

"கெட்ட பெட்டியைச் சரிசெய்துவிடலாம், மம்ஸெல். வேலை போன இவெட்டை என்னால் சரிசெய்ய முடியவில்லை."

"முதலாளி துடைக்க நிறுத்த விடமாட்டார். சாமிக்கு நிறுத்துவார். நான் என்ன செய்ய?" என்றார் அக்கா.

வெளியே காலடிச் சத்தம். முதலாளியின் குரல்.

"கமலாட்சி, என்ன இன்றைக்கு மணிச் சத்தமே கேட்கவில்லை?"

பெர்னார் கையில் விசிறி. அக்காவின் உள்ளங்கை நிறையத் திருகாணிகள்.

நான் மணியை எடுத்து ஆட்டினேன்.