கொடி போட்ட புள்ளி

“மாமா, இந்த நாலைஞ்சு புள்ளிக்கு மட்டும் ஏன் கொடி போட்டு வைச்சிருக்கிறியள்?”

குருநகரில் மாமா வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு லெனாட் கேட்டான். கனடாவில் வளர்ந்தவன், இரண்டு பிள்ளையின் தகப்பன், லீவுக்கு வந்தவன். மாமா நீக்கிலாப்பிள்ளைக்கென்று ஒரு புது ஜி.பி.எஸ். வாங்கி வந்திருந்தான். பழையதில் கிடந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் புதியதுக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு புள்ளியும் கடலுக்கடியில் கிடக்கிற ஒரு மீன்கூடு. மேலே மிதப்புக் கட்டுவதில்லை. கட்டினால் கள்ளனுக்கு வழி காட்டின மாதிரி. புள்ளி தவறினால் கூடும் போச்சு, மீனும் போச்சு.

“கொடியை நோண்டாதை தம்பி, அப்பிடியே மாத்திவிடு. அது சரி, உது போனைவிடத் திறமோ?”

“போன் கடலுக்குச் சரிவராது மாமா. வெயிலுக்குள்ளை தெரியாது, ஈரக் கையெண்டால் வேலை செய்யாது. இது பொத்தானை அமத்திறது. தவறி விழுந்தாலும் மிதக்கும். நாலு கடை ஏறி இறங்கித்தான் எடுத்தனான்.”

“உதைப் பக்கத்து வீட்டு ஜெரோசனுக்குச் சொல்லு! போனைக் கடலுக்கை விட்டிட்டு நிக்கிறார் துரை!” வேலிக்கு அங்காலையும் கேட்கிற மாதிரித்தான் மாமா சொன்னார்.

“உங்கடை வாய்தான் அவனைத் துரத்தினது,” என்றா மாமி சிசிலியா.

ஜெரோசன் முந்தி மாமாவின் வள்ளத்தில் வேலைக்கு நின்றவன். வாய்த்தர்க்கப்பட்டுத் தனி வள்ளம் எடுத்தான். போன் விழுந்ததோடு அதில் கிடந்த புள்ளியும் போய், அவனுடைய கூடெல்லாம் கடலோடு போய்விட்டது. பிறகு போட்ட நாலைந்துதான் மிச்சம். மனுசி ஜெயகௌரி இப்போதுதான் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். மாமி ஒருநாள் வேலியால் மீன் கொடுத்துவிட, சட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டான்.

மாமி கதையை மாற்றினா. “நீ உந்தச் சாமானை வைச்சுக்கொண்டு அங்கை என்ன செய்யிறனி? அங்கை உனக்கு வள்ளமும் இல்லை.”

“அது ஒரு விளையாட்டு மாமி. ஆரோ ஒரு ஆள் பத்தைக்குள்ளை, பாலத்துக்குக் கீழை ஒரு பெட்டியை ஒளிச்சு வைப்பார். இடத்தை இன்ரநெற்றிலை போடுவார். நாங்கள் தேடிக் கண்டுபிடிப்பம்.”

“பெட்டிக்கை நகையோ?”

“சின்னச் சின்ன விளையாட்டுச் சாமான். ஒண்டை எடுத்தால் ஒண்டை வைக்கவேணும். அதுதான் சட்டம்.”

“மினக்கெட்ட வேலை!” என்றார் மாமா.

“நீங்களும் உதுதானே செய்யிறியள். பெட்டியைக் கடலுக்கை ஒளிச்சுப்போட்டுத் தேடித் திரியிறியள்,” என்று மாமி சிரித்தா.

அடுத்த நாள் விடிய மாமாவோடு லெனாட்டும் கடலுக்கு வெளிக்கிட்டான். கரையில் ஜெரோசன் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

“என்ரை கூட்டை ஆரோ திறக்கிறாங்கள்! வாய்க்கட்டு நான் போட்ட முடிச்சில்லை! மிச்சம் விட்ட மீனே இவ்வளவெண்டால், களவெடுத்தது எவ்வளவாயிருக்கும்!”

“பிடிச்சுக் கையை முறிக்கவேணும்!” மாமாவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. “கள்ளப் பயலுகள்!”

ஜெரோசன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கடலில் புது ஜி.பி.எஸ். நன்றாக வேலை செய்தது. புள்ளிக்குக் கிட்டப் போனதும் கீக்கீ என்றது. மாமா கொழுக்கியை இறக்கி இழுக்க, சொல்லி வைத்தாற்போலக் கூடு ஏறி வந்தது. லெனாட் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினான்.

மாமா மீனை ஐஸ் பெட்டிக்குள் போட்டார். துடித்துக்கொண்டு கிடந்த நல்ல விளைமீனில் கொஞ்சத்தை மட்டும் கடல்தண்ணி விட்ட வாளிக்குள் விட்டார். வீட்டுக்கறிக்காக்கும் என்று லெனாட் நினைத்தான்.

திரும்புகிற வழியில் வள்ளம் கொடி போட்ட ஒரு புள்ளிக்குத் திரும்பியது. மாமா நாலு பக்கமும் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. கொழுக்கியை இறக்கினார்.

வந்த கூட்டில் நீல நூல் கட்டியிருந்தது. மாமாவின் கூடெல்லாம் பச்சை நூல்.

“மாமா, இது எங்கடை இல்லையே?”

“இல்லை.”

“அப்ப ஆற்றை?”

“ஜெரோசன்ரை. அவன் போடேக்கை நான் அங்காலை நிண்டனான். பொத்தானை அமத்திப் புள்ளியைப் பதிஞ்சு வைச்சிட்டன்.”

லெனாட்டின் முகம் கறுத்துப்போனது.

“கரையிலை அந்தக் கத்துக் கத்தினியள்! நீங்களோ மாமா உந்த வேலை பாக்கிறது? பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு!”

மாமா வாய்க்கட்டை அவிழ்த்தார். உள்ளே ஒரு நண்டுகூட இல்லை. வெறுங்கூடு.

“நல்லாய் வேணும். எடுக்கிறதுக்கு ஒண்டுமில்லை!” என்றான் லெனாட்.

“அந்த வாளியை இஞ்சாலை தள்ளு.”

லெனாட் ஒன்றும் விளங்காமல் தள்ளினான். மாமா விளைமீனை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூட்டுக்குள் விட்டார். பெரியதை முதலில் விட்டார். குனிந்து வாயைக் கட்டினார். கட்டினது பிடிக்காமல் அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார்.

“சீ! உவன் போடுற முடிச்சு மட்டும் எனக்கு வருகுதில்லை.”

கூடு தண்ணிக்குள் இறங்கியது. லெனாட் கையிலிருந்த ஜி.பி.எஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா கையைக் கழுவிக்கொண்டு கேட்டார்:

“எடுத்தால் ஒண்டை வைக்கவேணுமெண்டு சொன்னாய். எடுக்காமல் வைச்சால் உங்கடை விளையாட்டிலை அது பிழையோ, தம்பி?”