முள்செடியடியில் பந்து

இந்த மனுஷன் அங்கே எதற்குப் போகிறார்?

அவள் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கூரை மட்டும் போட்ட பேட்டரி வண்டி. ஒரு பக்கம் ஓமான் கடல். நீலமென்றால் அப்படியொரு நீலம். மறுபக்கம் பொட்டல் மணலும் மொட்டை மலையும். நடுவில், இவ்வளவு பெரிய பாலைவனத்தில், நாற்றங்கால் மாதிரி பச்சைப் புல்லாய்க் கோல்ஃப் மைதானம். இதற்கு எங்கிருந்து தண்ணீர் விடுகிறார்கள் என்று காலையிலிருந்து யாரையாவது கேட்க நினைத்திருந்தாள்.

இப்போது அது மறந்தே போய்விட்டது.

புருஷன் நாச்சிமுத்து புல்லை விட்டு மணலில் இறங்கி நடந்துகொண்டிருந்தார். அவருடைய பந்து புல் நடுவே சமர்த்தாகக் கிடக்கிறது. மணலுக்குப் போனது இசக்கிராஜாவின் பந்து.

இசக்கிராஜாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் தாரணி ஒற்றைக்காலில் நிற்கிறாள். இருவருக்கும் மஸ்கட்டில் ஒரே அலுவலகம். அவனுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெரியவர்கள் வந்து பார்க்கட்டும் என்று இந்தக் கடற்கரை விடுதியில் அறை போட்டதும் அந்தப் பிள்ளைகள்தான்.

நாளைக்கு ஊர் திரும்ப வேண்டும். நாச்சிமுத்து சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் தன் பம்ப்செட் கம்பெனிக்கு ஆள் எடுக்கும்போதும் இப்படித்தான், கடைசிவரை வாயைத் திறக்க மாட்டார். பாவம், தாரணிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவளுக்கும்தான்.

கூட நின்று ஒரு ஆட்டம் கோல்ஃப் ஆடினால் ஆள் எப்படியென்று தெரிந்துவிடும் என்றார் காலையில். அதெப்படித் தெரியும் என்று கேட்டாள். பந்து விழுந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டுமாம், ஆனால் அதைப் பார்க்க நடுவர் கிடையாதாம். அவரவர் தப்பை அவரவரே சொல்லிக்கொள்ள வேண்டுமாம்.

அப்படிச் சொன்னவர்தான் இப்போது முள்செடிப் பக்கம் குனிந்து நிற்கிறார்.

இசக்கிராஜா தூரத்தில், தாரணி அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த இன்னொரு வண்டியின் பின்னால், வேறு மட்டை தேடிக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

ஷூ முனையால் பந்தை ஒரு தட்டு தட்டினார்.

செடிக்கடியிலிருந்து பந்து உருண்டு வந்து சமமான இடத்தில் நின்றது. அடிப்பதற்கு லட்டு மாதிரி.

அட கிரகமே!

பையன் ஜெயிக்கட்டும் என்றா செய்தார்? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அவர் புத்தி தெரியாதா? பொருளைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, எடுக்கிறானா பார்ப்போம் என்று ஒதுங்கி நிற்கிற புத்தி.

அவர் புல்லுக்குத் திரும்பிவந்து, ஒன்றும் அறியாதவர்போலக் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

இசக்கிராஜா மட்டையோடு வந்தான்.

உள்ளதைச் சொல்லிவிடு சாமி என்றது அவளுக்குள் ஒரு மனசு. இந்தக் கேவலமான பரீட்சைக்கு, பந்து இப்போது நிற்கிற இடத்திலிருந்தே அடித்துவிட்டுப் போகட்டுமே என்றது இன்னொரு மனசு. என்னதான் செய்வான் என்கிற ஆவல் இரண்டையும் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. அவளுக்கும் தெரிந்தாக வேண்டும்தான்.

அவன் பந்தைப் பார்த்தான். செடியைப் பார்த்தான்.

செடிக்கடியில் பந்து முதலில் விழுந்து பதிந்த இடம். அங்கிருந்து உருண்டு வந்த கோடு. பக்கத்திலேயே ஷூ தடம், போனதும் வந்ததும். மணலில் எதை மறைக்க முடியும்? தடம் நேராக நாச்சிமுத்து நின்ற பக்கம் போனது.

அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பந்தை எடுத்து, விழுந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.

முள் கையைக் கீறியது. மட்டையை வீச இடமில்லை. உடம்பைக் கோணிக்கொண்டு அடித்தான். பந்து நகர்ந்ததே பெரிய விஷயம். வண்டியிலிருந்த தாரணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். இவளிடம் சொல்ல வேகமாக வந்துகொண்டிருந்தார்.

இவளோ பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏன் இன்னும் கிளம்பவில்லை?

தாரணி அவனிடமிருந்து மட்டையை வாங்கிக்கொள்ள இறங்கி வந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் அவன் காலால் மணலைத் தேய்க்க ஆரம்பித்தான். முதலில் அந்தக் கோடு. பிறகு ஷூ தடம். ஒவ்வொன்றாக, புல் ஓரம் வரைக்கும்.

புல்லுக்குள் ஆட்டத்துக்கென்று வெட்டிவைத்த மணல் பள்ளங்களில்தான் ஆடுகிறவர்கள் தடத்தைச் சமன்செய்துவிட்டுப் போவார்கள். வெளியே கிடக்கும் பாலைவனத்தில் யாரும் மெனக்கெடுவதில்லை. தன் தடத்தை அவனும் அப்படியேதான் விட்டிருந்தான்.

தாரணி வந்து சேர்ந்தபோது அங்கே அவள் அப்பாவின் சுவடே இல்லை. அப்பா செய்தது அவளுக்கு இனித் தெரியப்போவதுமில்லை.



நாச்சிமுத்து வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

“பையன் தேறிட்டான் புள்ள. இருந்தாலும் இன்னொரு குழிக்கு ஆடுறதப் பாத்துப்போட்டு முடிவச் சொல்றேன்.”

அவள் வண்டியை விட்டு இறங்கி, அவரைத் தாண்டி நின்று, மணலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“மாப்பிள்ளை! வெயில்ல நின்னது போதும், வாங்க. தண்ணி குடிச்சுப்போட்டு ஆடலாம்.”

கையில் மட்டையோடு தாரணி நடக்க மறந்து நின்றாள்.