சமோசா வாங்கிய டயட்டீஷியன்

ஆஸ்பத்திரி வாசலில், தள்ளுவண்டி முன்னால், டயட்டீஷியனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

அவள் கையில் சூடான சமோசா. காகிதமெல்லாம் எண்ணெய்.

"நல்லா இருக்கும்மா நியாயம்!"

"என்ன சார்?"

"மூணு நாளா பார்க்கிறேன். பார்வை நேரத்துக்காக நான் இங்க கால்கடுக்க நிக்கறேன். நாலு மணி ஆனா நீங்க வந்துடறீங்க. எங்க அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன அன்னைக்கு என்ன சொன்னீங்க? மைதா, எண்ணெய், உருளைக்கிழங்கு, மூணும் சேர்ந்தா விஷம்னு..."

"விஷம்னு சொல்லலை சார். அடிக்கடி வேண்டாம்னு சொன்னேன்."

"அதை நம்பி விடியக்காலம் எழுந்து ஓட்ஸ் கஞ்சி காய்ச்சறேன். ஸ்பேனர் பிடிக்கிற கை. ரெண்டு தடவை சுட்டுக்கிட்டேன். பத்தியம் சொல்ற நீங்களே இப்படி வளைச்சுக் கட்டினா?"

வண்டிக்காரர் பொரிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"மேலிடத்துல சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க. டாக்டருக்குத் தெரியும்."

"அவருக்கும் பங்கு போகுதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இது எனக்கில்லை சார். வார்டுல ஒருத்தருக்கு. ஒரு வாரமா நாக்கு செத்துக் கிடக்கு. எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கிறார். மூணு கிலோ இறங்கிட்டார். புண் ஆறவாவது உடம்புல தெம்பு வேணுமே! 'என்னதான் வேணும் தாத்தா'ன்னு கேட்டேன். 'வாசல்ல ஏதோ பொரியற வாசனை வருதே, அது'ன்னார். டாக்டரைக் கேட்டேன், சரின்னுட்டார். நல்லா சாப்பிடறவங்களுக்குத்தான் சார் இதுல இருக்கிற கொழுப்பும் மாவும் வேண்டாதது. பட்டினி கிடக்கிறவருக்கு அதுவே மருந்து. இது ஒண்ணு உள்ளே போனா, அப்புறம் மத்ததும் நாலு வாய் இறங்குது."

மெக்கானிக்கின் குரல் இறங்கிவிட்டது.

"பாவம். கூடப் பார்த்துக்கப் பிள்ளைங்க யாரும் இல்லையா அவருக்கு?"

அவள் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க இருக்கீங்களே சார். இன்னைக்கு நீங்களே கொடுங்க. 'பையனுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவான்'னு தினமும் பயந்து பயந்து சாப்பிடறார். பயமில்லாம சாப்பிட்டாத்தான் உடம்புல ஒட்டும்."