மலைக்கு ஒரு கைத்துப்பாக்கி

"இடுப்புல சொருகினா வெளியே தெரியக் கூடாது பாய். ஆனா எடுத்த வேகத்துல வெடிக்கணும்" என்றார் ஜெயகிருஷ்ணன்.

மேற்குத் தாம்பரத்தில் பொம்மைக்கடை வைத்திருக்கும் அக்தர், தீபாவளிக்கு விற்றது போக மிச்சமிருந்த கேப் துப்பாக்கிகளை மேசைமேல் பரப்பினார். "பேரனுக்கா சார்?"

"எனக்குத்தான். வீட்டுல தினமும் திருநீர்மலை ஏறி பெருமாளைச் சேவிக்கிறேன்னு வேண்டிக்கிட்டிருக்காங்க. குரங்கைக் கண்டா அவங்களுக்கு உயிர் போயிடும்."

வேண்டுதல் நின்றுவிடுமே என்று முதல்நாள் அவர் மனைவி சுந்தரவல்லி கண் கலங்கியிருந்தாள். சர்க்கரை ஏறிவிட்டது, நடந்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோதெல்லாம் நாற்காலியை விட்டு அசையாத ஜெயகிருஷ்ணன், அந்தக் கண்ணீருக்கு எழுந்துவிட்டார்.

நீளமான துப்பாக்கி தொப்பையில் குத்தியது. நீலநிறப் பிளாஸ்டிக்கைக் கண்டால் குரங்கே சிரிக்கும் என்று ஒதுக்கினார். கடைசியில் கைக்கடக்கமான கறுப்பு இரும்புத் துப்பாக்கி ஒன்றை எடுத்துச் சுட்டுப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"இதுவே இருக்கட்டும் பாய்."

மறுநாளிலிருந்து அவர் முன்னே நடக்க, அவருடைய சட்டை நுனியைப் பிடித்தபடி அவள் பின்னே ஏறினாள். "அய்யோ, மேல ஒண்ணு உக்காந்திருக்குங்க" என்று அவள் நடுங்கும்போதெல்லாம், மூச்சிரைக்க விரைந்து ஏறி அதை விரட்டிவிட்டு வருவார். தன்னை நம்பி ஓர் உயிர் நடக்கிறது என்ற நினைப்பே அவரை மலையேற்றியது. மாதங்கள் ஓடின. மூச்சிரைப்பு நின்றது. இடுப்பில் கால்சட்டை தொளதொளத்தது.

அன்று பாதி மலையில் இடுப்பைத் தடவியவர் திடுக்கிட்டார். துப்பாக்கி எங்கோ நழுவி விழுந்திருந்தது. அசையாமல் உட்கார்ந்திருக்கும்படி சொல்லி அவளை மண்டபத்தில் விட்டுவிட்டுக் கீழே ஓடினார். அடிவாரத்தருகே கிடந்ததை எடுத்துக்கொண்டு, அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற பதைப்புடன் மேலே ஓடிவந்தார்.

மண்டபத் தூணருகே அப்படியே நின்றுவிட்டார்.

சுந்தரவல்லியின் மடியில் ஒரு குட்டிக் குரங்கு படுத்திருந்தது. அதன் தாய் அவள் உள்ளங்கையிலிருந்து வேர்க்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் தின்னுங்கடி. அவர் வந்துட்டா நான் பயப்படணும்" என்றாள் அவள். "அவரோட உடம்புக்காகன்னா ஒரு படி ஏற மாட்டாரு மனுஷன்."

ஜெயகிருஷ்ணன் ஓசைப்படாமல் நாலு படி கீழே இறங்கினார். அவள் பயந்துகொள்ள அவகாசம் வேண்டுமே என்று, வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டுவிட்டு, மெல்லப் படியேறினார்.