நாக்கு வந்த நாள்

தம்மெலா சந்தையில் பனி தூவுகிறது. பென்ட்டி பெட்டியின் மூடியைத் திறக்க, ரத்தமும் ரை தானிய மாவும் அடைத்து வேகவைத்த கறுப்பு சாசேஜ்களின் ஆவி எழுந்து அவன் கண்ணாடியை மறைக்கிறது. வாசனை மட்டும் அவனுக்கு எட்டவில்லை. தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததிலிருந்து நாக்கும் மூக்கும் செத்துக் கிடக்கின்றன. ஆறு மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். நேற்றோடு ஆறு மாதம் முடிந்தது. "வந்துடுச்சு" என்று மனைவி ஐலாவிடம் பொய் சொல்லிவிட்டு, இத்தனை நாள் அவள் சேர்த்த உப்பையும் மசாலாவையும் இன்று விடியற்காலையில் அவனே சேர்த்துக் கலந்தான்.

முதல் ஆளாக டிராம் ஓட்டுநர் லாசி வந்து நிற்கிறான். "என்னண்ணே, நாக்கு லீவு முடிஞ்சு வேலைக்கு வந்துடுச்சாமே?"

"வந்த அன்னைக்கே ஓவர்டைம்டா" என்கிறான் பென்ட்டி. சாசேஜை நறுக்கி, பக்கத்தில் சிவப்பாக லிங்கன்பெரி ஜாம் வைத்து, குளிர்ந்த பாலோடு நீட்டுகிறான். லாசி கடிக்கிறான். மெல்லும் வாய் பாதியில் நிற்கிறது. பென்ட்டியின் முகத்தைப் பார்க்கிறான். மீதியை ஜாமில் புரட்டி விழுங்கிவிட்டு, "அருமைண்ணே" என்கிறான்.

பென்ட்டி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்கிறான். சூடு தெரிகிறது. வேறெதுவும் தெரியவில்லை. கடையில் கூட நிற்கும் ஐலாவும் ஒரு துண்டு தின்று பார்க்கிறாள். குனிந்து உப்பு டப்பாவை எடுத்து, அவனைப் பார்க்காமலே, வாடிக்கையாளர் கைக்கு எட்டும்படி ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.