ஒரிஜினல் மட்டும்

"மூடியைக் கழட்டுங்க டீச்சர். உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும்" என்றார் சங்கத் தலைவர்.

டிராயிங் டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. தயங்கித் தயங்கி ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்கிறவர்களின் சங்கம் அது. கம்பெனிகள் எப்போதோ தயாரிப்பை நிறுத்திவிட்ட, டி.வி.யில் மாட்டி ஓட்டுகிற மெஷின்கள். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. மேஜை கிடைக்க வேண்டுமானால் தலைவர் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அவரோ தானமாக வந்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள்.

டீச்சர் கொண்டுவந்திருந்த மெஷினின் மூடி கழன்றது. தூசி படிந்த சில்லுகளுக்கு நடுவே பளபளவென்று ஒரு பச்சை அட்டை.

"இது என்ன?"

"ஆக்ஸிலரேட்டர் கார்டு சார். பழைய பிராசஸரை எடுத்துட்டு அந்த இடத்துல இதைச் செருகணும். மெஷின் பத்து மடங்கு வேகமா ஓடும். இந்த மெஷினுக்குன்னே ஒருத்தர் புதுசா தயாரிச்சு அனுப்புறார்."

"அப்போ இது பழைய கம்ப்யூட்டர் இல்லை. பழைய டப்பாக்குள்ள புதுக் கம்ப்யூட்டர்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். தலைவர் சொன்னால் சிரிக்கவென்றே எல்லா சங்கத்திலும் நாலைந்து பேர் இருப்பார்கள்.

"சார், நான் கோடு போடுவேன், மெஷின் கலர் நிரப்பும். பழைய பிராசஸர்ல ஒரு முகத்துக்கே அரை மணி நேரம் ஆகும். அதுவும் சூடாகிப் பாதியில நின்னுடும். மூக்கு வரைக்கும் வந்திருக்கும், வாய் இருக்காது."

"என் மச்சானை அப்படியே வரைஞ்சு குடுங்க டீச்சர், போதும்" என்றார் செயலாளர், சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்கப் பார்த்து.

தலைவர் இளகவில்லை.

டீச்சரின் திட்டம் சின்னதுதான். கண்காட்சிக்கு வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, திரையில் அவர்கள் முகத்தை வரைந்து காட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படங்களைத் திருத்தியே காலம் போய்விட்டது. தான் வரைந்த படத்தை நாலு பேர் நின்று பார்த்ததே கிடையாது. தலைமையாசிரியர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரையும் வரச் சொல்லியாகிவிட்டது. மகள் ஊரிலிருந்து கிளம்பியே விட்டாள்.

"ஒரே ஒரு நாள் சார்."

"இன்னைக்கு இடத்தைக் கொடுத்தா நாளைக்கு மடத்தைப் பிடுங்குவாங்க. நம்ம சங்கத்துக்கு ஒரே விதி. ஒரிஜினல் பாகம் மட்டும்."

"ஒரிஜினலைப் போட்டா ஓடவே மாட்டேங்குதே சார்."

"ஓடலைன்னா விட்டுடணும். எதுக்கும் ஒரு காலம் இருக்கு டீச்சர். தளர்ந்து போச்சுன்னா தளர்ந்துடுச்சுன்னு ஒத்துக்கணும். உள்ளே எதையாவது சொருகி ஓட வைக்கிறது ஏமாத்து வேலை. அந்த மெஷினுக்கே அது அவமானம்."

செயலாளர் வாயைத் திறந்தார். தலைவர் ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே?

"ஒண்ணு கார்டைக் கழட்டிட்டு வைங்க. இல்லைன்னா மெஷினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. உங்க இஷ்டம்."

டீச்சர் மூடியைப் பொருத்தித் திருகினார். கொண்டுவந்த போர்வையிலேயே மெஷினைச் சுற்றினார். மகளிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று போர்வையின் முடிச்சை மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் தலைவரின் மனைவி.

"ஏங்க, இன்னுமா முடியலை? டாக்டர் காத்துட்டிருப்பாரு, கிளம்புங்க."

"டாக்டரா? தலைவருக்கு உடம்புக்கு என்னம்மா?" என்று பதறினார் செயலாளர்.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. வா, போகலாம்" என்று தலைவர் அவசரமாக எழுந்தார்.

"நல்ல விஷயத்தைச் சொல்றதுக்கு என்ன கூச்சம்?" அந்த அம்மாள் நகரவில்லை. "இவருக்கு இதயம் ரொம்ப மெதுவா துடிச்சுதுங்க. மாடிப்படி ஏறினா பாதியிலேயே நின்னுடுவாரு. போன மாசம்தான் நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் வெச்சாங்க, இருக்கிறதுலயே புது மாடல். இப்போ பாருங்க, என்னைவிட வேகமா ஓடுறாரு!"